கள்வனின் இலக்கணம்

1

கதை வாழ்க்கைக்கு வழிகாட்டுமா என்ற கேள்வி பழையது. அதற்கு இன்று தரப்படுகிற பதில்தான் புதியது. வீரன், வழிசொல்லும் கிழவர், நிழலாய்த் தொடரும் எதிரி, வாசலை மறித்து நிற்கும் பூதம் ஆகியோர் எல்லா நாட்டுக் கதைகளிலும் திரும்பத் திரும்ப வருகிறார்கள். ஆகவே இவர்கள் வெளியில் உள்ள மனிதர்கள் அல்ல, நம் மனத்துக்குள் இருக்கும் சக்திகள். இவர்களை இனங்கண்டு, வீரன் நடந்த பாதையில் நாமும் நடந்தால் நம் ஆளுமை முதிர்ச்சி பெறும். இதுதான் அந்தப் பதில்.

இந்தப் பதிலின் வம்சாவளியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ருஷ்ய மாயக் கதைகளை ஆராய்ந்த விளாடிமிர் ப்ராப் 1928-இல் அவற்றில் நிகழும் செயல்களை 31 என்று வகைப்படுத்தினார். தாவரவியலாளன் இலைகளைப் பிரித்து வைப்பது போன்ற காரியம் அது. எப்படி வாழ வேண்டும் என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை. யூங் தம் நோயாளிகளின் கனவுகளிலும் பழங்கதைகளிலும் ஒரே மாதிரியான உருவங்கள் தலைகாட்டுவதைக் கண்டு அவற்றுக்கு ஒரு பெயர் வைத்தார். தொல்படிமம் என்று அதை நாம் சொல்லிக்கொள்ளலாம். 1949-இல் ஜோசப் காம்ப்பெல் உலகத்துப் புராணங்களையெல்லாம் ஒரே கதையாக உருக்கினார்: புறப்பாடு, சோதனை, திரும்புதல். 1985 வாக்கில் ஹாலிவுட்டில் கிறிஸ்டஃபர் வோக்லர் அந்தப் பெரிய நூலைத் திரைக்கதைக்காரர்களுக்குப் பயன்படும் சில பக்கக் குறிப்பாகச் சுருக்கினார். 1986-இல் கரோல் பியர்சன், நாம் வாழ்வதற்கு ஆறு தொல்படிமங்கள் இருப்பதாக எழுதினார். வர்ணனையாகத் தொடங்கியது அறுபது வருஷத்துக்குள் விதியாகிவிட்டது. இன்று எங்களைப் போன்ற வங்கி எழுத்தர்களுக்கு நடத்தப்படும் பயிற்சி வகுப்புகளில்கூட யாராவது ஒருவர் பலகையில் ஒரு வட்டம் வரைகிறார். அதில் பன்னிரண்டு புள்ளிகள் வைக்கிறார். இப்போது உங்கள் வாழ்க்கை எந்தப் புள்ளியில் நிற்கிறது என்று கேட்கிறார். மதியச் சாப்பாட்டுக்குள் அறையில் உள்ள முப்பது பேரும் வீரர்களாகிவிடுகிறோம்.

இதைக் கேலி செய்து நகர்ந்துவிடுவது சுலபம். ஆனால் கதையிலிருந்து தன்னை உருவாக்கிக்கொள்ள மனிதன் விரும்புவது அற்பமான ஆசை அல்ல. நம் மொழியின் முதல் காப்பியமே அந்த ஆசையோடு வாதாடுகிறது என்று நினைக்கிறேன். நான் வேலை பார்ப்பது போடிநாயக்கனூரில். ஊருக்கு மேற்கே சுவராய் எழும் ஏலமலை தெற்கே தேவாரம், கம்பம், கூடலூர் என்று நீண்டு போகிறது. அந்த நீட்சியின் ஒரு முகட்டில், தமிழ்நாடும் கேரளமும் சந்திக்கும் இடத்தில், மங்கலதேவி கோட்டம் என்ற சிதைந்த கற்கோயில் இருக்கிறது. மதுரையை எரித்தபின் வைகைக் கரை வழியே மேற்கே நடந்த கண்ணகி ஏறிய மலை இதுதான் என்பது இப்பகுதி மக்களின் நம்பிக்கை. 1960களில் பேராசிரியர் சி. கோவிந்தராசனாரும் இதையே கண்ணகி கோட்டமென்று அடையாளம் காட்டினார். திருச்செங்கோட்டைச் சொன்னவர்களும் உண்டு. எந்த மலை என்பது இக்கட்டுரையின் பிரச்னை அல்ல. அந்த மலையில் என்ன நிகழ்ந்தது என்பதே பிரச்னை. அதற்கு முன் மதுரையில் நிகழ்ந்ததைப் பார்க்க வேண்டும். அதற்கும் முன் சில விஷயங்களைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

2

தொல்படிமத்தை நவீன இலக்கியம் எப்படிக் கையாண்டது? ஜாய்ஸின் ‘யுலிஸஸ்’ 1922-இல் வெளிவந்தது. அடுத்த வருஷமே எலியட் அதைப் பற்றி எழுதினார். பழம்புராணத்தையும் நிகழ்காலத்தையும் இணைகோடுகளாக ஓட விடும் ஒரு முறை அதில் இருப்பதாகவும், சிதறிக் கிடக்கும் சமகாலத்துக்கு ஓர் ஒழுங்கைத் தருவதற்கு அது உதவும் என்றும் அவர் கருதினார். இது பலமுறை பேசப்பட்ட விஷயம். பேசப்படாத ஒரு சிறிய உண்மை இருக்கிறது. தான் யுலிஸஸ் என்பது ப்ளூமுக்குத் தெரியாது.

டப்ளினில் 1904 ஜூன் 16-ஆம் தேதி விளம்பரம் பிடிக்கத் தெருத்தெருவாய் அலைகிற அந்த மனிதன், ஈமச் சடங்குக்குப் போகிறான், சாப்பிடுகிறான், அவமானப்படுகிறான், வீடு திரும்புகிறான். அவன் கடப்பது பாதாளம் என்றோ, அவனை மதுக்கடையில் விரட்டுகிறவன் ஒற்றைக்கண் அரக்கன் என்றோ அவனுக்கு யாரும் சொல்வதில்லை. ஹோமரை நினைவூட்டும் அத்தியாயத் தலைப்புகளை ஜாய்ஸ் அச்சான நூலிலிருந்து நீக்கிவிட்டார். படிமம் வாசகனுக்கும் ஆசிரியனுக்கும் இடையில் மட்டும் இருக்கிறது. ப்ளூமுக்கு அது தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மதுக்கடையில் தன்னை வசை பாடுகிறவனை ஒரு சோதனைக் கட்டமாக எண்ணித் தனக்குள் புன்னகைத்திருப்பான். அவனுடைய தைரியம், அங்கே கோழைத்தனமாய்த் தோன்றி எழுந்து நிற்கிற அந்தத் தடுமாற்றமான தைரியம், வேஷமாகப் போயிருக்கும்.

கதைக்குள் இருப்பவனுக்குக் கதை தெரியாது என்பது கதையின் குறை அல்ல, அதன் தர்மம். கோவலனுக்குத் தன் ஊழ் தெரியாது. படிமம் பார்ப்பவனுடைய அறிவு. செய்பவன் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கும்போது அது கண்ணாடியாகிவிடுகிறது. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே நடக்கிறவனுக்குப் பாதையும் தெரியாது, எதிரே வருகிறவனும் தெரிய மாட்டான்.

3

கதையை வழிகாட்டியாகக் கொண்டு தன்னை வளர்த்துக்கொண்ட மனிதருக்கு நம் நாட்டில் மகத்தான உதாரணம் இருக்கிறது என்று யாராவது மறுக்கலாம். காந்தி சிறுவயதில் அரிச்சந்திர நாடகம் பார்த்தார். அது அவரைப் பிடித்துக்கொண்டது. தமக்குள்ளேயே அந்த நாடகத்தைக் கணக்கற்ற முறை நடித்துப் பார்த்ததாகவும், எல்லோரும் ஏன் அரிச்சந்திரனைப் போல் உண்மையாளர்களாக இருக்கக்கூடாது என்று இரவும் பகலும் எண்ணியதாகவும் ‘சத்திய சோதனை’யில் சொல்கிறார். அந்தச் சிறுவனிடமிருந்துதான் சத்தியாக்கிரகம் பிறந்தது என்று சொன்னால் அதில் மிகை அதிகம் இல்லை. இந்த உதாரணத்தின் கனத்தைக் குறைக்க எனக்கு விருப்பமில்லை.

ஆனால் அரிச்சந்திரன் காசியில் தன் சத்தியத்துக்காக முதலில் விற்றது எதை? சந்திரமதியை. பிள்ளை லோகிதாசனும் அவளோடு போகிறான். தன்னை விற்றது அதற்குப் பிறகுதான். வீரனின் பாதையில் மனைவி ஒரு சோதனைக் கட்டம். அவளுடைய சம்மதமும் கண்ணீரும் அவனுடைய பெருமைக்கு வரவு வைக்கப்படுகின்றன. இதே ‘சத்திய சோதனை’யில், 1898-இல் டர்பன் வீட்டில் நடந்ததையும் காந்தி எழுதுகிறார். வீட்டில் தங்கியிருந்த ஒருவரின் சிறுநீர்க் கலயத்தைக் கஸ்தூர்பா அழுதுகொண்டே சுமக்கிறார். சுமந்தால் போதாது, மகிழ்ச்சியோடு சுமக்க வேண்டும் என்று கணவர் விதிக்கிறார். மறுத்தபோது கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துக்கொண்டு போகிறார். வெட்கமில்லையா என்று அந்த அம்மாள் கேட்ட பிறகுதான் வாசற்கதவு மூடப்படுகிறது. காந்தியின் வாழ்க்கையில் வளர்ச்சி என்று நான் மதிப்பது, நாடகம் பார்த்த இரவை அல்ல. சந்திரமதியின் இடத்தில் நின்றவர் வாய் திறந்து கேட்டதையும், அது தம் காதில் விழுந்ததை அவர் பின்னால் எழுதி வைத்ததையும்தான். அங்கே படிமம் உடைகிறது. உடைந்த இடத்தில் ஒரு மனுஷி தெரிகிறாள்.

புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’ 1943-இல் வந்தது. அகலிகை கதை விமோசனக் கதைகளுக்கெல்லாம் தாய். பாவம், சாபம், கல், பாததூளி, மீட்சி என்று எல்லாக் கட்டமும் அதில் உண்டு. புதுமைப்பித்தன் மீட்சிக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டார். சீதையைத் தீக்குளிக்கச் சொன்னவனும் அதே ராமன்தான் என்று சீதை வாயிலிருந்தே கேள்விப்பட்டதும் அகலிகை மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். பயிற்சி வகுப்பு வட்டத்தில் இதற்கு இடமே கிடையாது. அங்கே இது பின்னடைவு என்று கணக்காகும். நமக்கோ, அகலிகை அந்த ஒரு கணத்தில் அறிந்துகொண்டதைப் போல ராமன் எந்தக் காலத்திலும் அறியவில்லை என்று தெரிகிறது. மீட்கப்பட்டவளின் பக்கத்திலிருந்து கதையைப் பார்த்த மாத்திரத்தில் மீட்பின் பாதை வேறாகத் தெரிகிறது.

பெண்களுக்கு இந்தப் பாதையில் என்ன இடம் என்று காம்ப்பெல்லிடம் மாரீன் மர்டாக் கேட்டிருக்கிறார். பெண் பயணம் போகத் தேவையில்லை, எல்லோரும் வந்து சேர முயல்கிற இடமே அவள்தான் என்ற பொருள்பட அவர் பதில் சொன்னதாகத் தம் 1990-ஆம் வருஷத்து நூலில் மர்டாக் குறிப்பிடுகிறார். மங்கலதேவி கோட்டத்துக்குச் சித்ரா பௌர்ணமி அன்று ஒரு நாள்தான் மக்களை அனுமதிக்கிறார்கள். குமுளியிலிருந்து ஜீப்பிலும், இந்தப் பக்கம் பளியன்குடியிலிருந்து நடந்தும் ஆயிரக்கணக்கானவர்கள் ஏறுகிறார்கள். இரண்டு மாநிலத்து அதிகாரிகளும் நின்று கணக்குப் பார்க்கிறார்கள். காம்ப்பெல்லின் பதில் இங்கே அப்படியே பலித்திருக்கிறது. பெண் ஓர் இடமாகிவிட்டாள். எல்லை வழக்குக்குரிய இடமாகவும் ஆகிவிட்டாள்.

4

கண்ணகியைப் போல் இரு என்று நம் பெண் குழந்தைகளுக்குச் சொல்லும்போது எந்தக் கண்ணகியைச் சொல்கிறோம்? 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி மெரினாவில் சிலை வைத்தோம். 2001-இல் அகற்றினோம். 2006-இல் மறுபடியும் வைத்தோம். சிலையின் கையில் சிலம்பு இருக்கிறது. ஆனால் வீட்டில் மகளுக்கு உபதேசிக்கப்படுபவள் அரண்மனை வாசலில் நின்றவள் அல்ல, புகாரில் வாய்மூடிக் காத்திருந்தவள். படிமம் ஆளுகிறவர்களின் கைக்குப் போனதும் அதிலிருந்து வேண்டியதை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ள முடிகிறது. 

அந்தப் புகார்க் கண்ணகியையும் நாம் சரியாகப் படித்ததில்லை. கோவலன் பிரிந்திருக்கும்போது தேவந்தி என்ற தோழி வருகிறாள். சோமகுண்டம், சூரியகுண்டம் என்ற பொய்கைகளில் மூழ்கிக் காமவேள் கோட்டத்தில் தொழுதால் கணவனோடு சேரலாம் என்று வழி சொல்கிறாள். அக்கறையுள்ள, நிரூபிக்கப்பட்ட, பலரும் கடைப்பிடித்த வழி. இன்றைய பயிற்சியாளர்கள் தருவதும் இப்படிப்பட்ட வழிதான். கண்ணகி அது தனக்குப் பெருமையல்ல என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறாள். தன் துயரத்துக்கு இன்னொருவர் வகுத்த பாதையை வாங்கிக்கொள்ள மறுத்த பெண்ணை நாம் பாதையாக்கிவிட்டோம்.

மதுரைக்கு வருவோம். கொலைக்களக் காதையின் இறுதிப் பகுதி எனக்கு உலக இலக்கியத்திலேயே பயங்கரமான பகுதிகளில் ஒன்றாகத் தோன்றுகிறது. பொற்கொல்லன் காவலர்களைக் கோவலனிடம் அழைத்து வருகிறான். அவர்கள் அவனைப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு, இவன் கொல்லத்தக்கவன் அல்லன் என்கிறார்கள். அங்க லட்சணத்தின் மொழியில்தான் அதைச் சொல்கிறார்கள் என்றாலும், எதிரில் இருக்கிற ஆளைப் பார்த்துச் சொல்கிறார்கள். கதை இங்கே ஒரு கணம் தயங்குகிறது. கோவலன் பிழைத்துவிடக்கூடும்.

பொற்கொல்லன் சிரிக்கிறான். பிறகு அவன் செய்வது கவனிக்கத்தக்கது. கோவலனைப் பற்றி அவன் எதுவுமே சொல்வதில்லை. கள்வர்களைப் பற்றிச் சொல்கிறான். களவு நூல் வகுத்தபடி மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்ற எட்டையும் கள்வர் எப்படிக் கையாள்வார்கள் என்று ஒவ்வொன்றாக விளக்குகிறான். விளக்கிவிட்டு ஒரு கதையும் சொல்கிறான். தூதன் வேஷத்தில் அரண்மனைக்குள் புகுந்து இளவரசனின் ஆரத்தைப் பறித்த கள்வனின் கதை. அதைக் கேட்டதும் காவலர்களில் ஒருவனுக்கும் தன் கதை நினைவுக்கு வருகிறது. மழை இருளில் வந்து தன் வாளையே பறித்துப் போனவனைப் பற்றி அவனும் சொல்கிறான். கதை கதையாய் அந்த இடம் நிரம்புகிறது. நிரம்ப நிரம்ப, எதிரில் இருக்கும் மனிதன் மறைந்துகொண்டே போகிறான். கடைசியில் கோவலன் இல்லை, கள்வன் என்ற படிமம் மட்டும் இருக்கிறது. கல்வியற்ற ஒரு குடியன் வாளை வீசுகிறான். வாள் விழுவதற்கு முன்பே கொலை முடிந்துவிட்டது.

கோவலனை ஒரு தொல்படிமக் கோட்பாடு கொன்றது என்று சொன்னால் அது அலங்காரப் பேச்சு அல்ல. பொற்கொல்லன் சொன்னது பொய்யல்ல என்பதும் முக்கியம். கள்வர்கள் அப்படித்தான் இருக்கிறார்கள். அவன் வகைப்பாடு பிழையற்றது, கதைகள் நம்பத்தக்கவை. அந்த ஞானம் முழுவதும், எதிரில் நின்றவனைக் கேட்காமலிருப்பதற்குப் பயன்பட்டது, அவ்வளவுதான். உன் சிலம்பின் பரல் என்ன என்ற ஒரே ஒரு கேள்வி போதும். அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். அந்தக் கேள்வியை மதுரையில் எவரும் கேட்கவில்லை. சிலம்பு கையிலிருந்தால் கொன்று கொண்டுவரச் சொன்ன மன்னனும் கேட்கவில்லை. கண்ணகி வந்து நின்றபோது, முதல்முறையாக, பரல் என்ன என்பது பேச்சுக்கு வருகிறது. மன்னன் தன் சிலம்பின் பரலைச் சொல்கிறான், அவளுடைய சிலம்பு உடைகிறது, கள்வன் யார் என்று அவனுக்கே தெரிகிறது. அந்த அறிவோடு அவனால் ஒரு நாழிகைகூட உயிர்வாழ முடியவில்லை.

5

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவை உண்டு. இலங்கையின் மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர, பத்தினி வழிபாட்டைப் பற்றி 1984-இல் பெரிய நூல் எழுதியவர். அதற்கு முன் 1981-இல் அவர் எழுதிய ‘மெடூசாவின் கூந்தல்’ கதிர்காமத்தில் சடைமுடியோடு சாமியாடும் பெண்களைப் பற்றியது. சடை என்பது பொதுவான குறியீடு. ஆயினும் அந்தப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் தத்தம் துயரத்திலிருந்து அது முளைத்திருப்பதை அவர் காட்டினார். சமூகம் தந்த உருவம் இல்லாவிட்டால் அவர்கள் வெறும் நோயாளிகள். அந்த உருவம் அவர்கள் வலிக்கு ஒரு வடிவத்தையும், வாழ ஓர் இடத்தையும் தருகிறது. ஆகவே படிமம் மனிதரைத் தாங்கவும் செய்கிறது. இதை நான் ஏற்கிறேன். ஆனால் சடை அவர்களுக்கு அட்டவணையிலிருந்து தேர்ந்தெடுத்துத் தரப்பட்டதல்ல. துயரத்தின் எல்லையில் அது அவர்களிடம் வந்து சேர்ந்தது. தேவந்தியின் பொய்கைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் பெரியது.

இன்னொரு பதில் நம் கிராமத்துக் கதைப்பாடல்களில் இருக்கிறது. நல்லதங்காள் கதையைக் கேட்டு அழாத தலைமுறை இல்லை. பஞ்சத்தில் ஏழு குழந்தைகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள், அண்ணியால் துரத்தப்பட்டு, பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்தாள். வத்திராயிருப்புக்கு அருகே அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயில் இருக்கிறது. இந்தக் கதையைக் கேட்ட எந்தத் தாயும் நல்லதங்காளைப் பின்பற்ற வேண்டிய பாதையாக எடுத்துக்கொள்வதில்லை. அப்படியானால் இத்தனை காலம் இந்தக் கதை என்ன செய்துகொண்டிருந்தது? அது மூளி அலங்காரியைச் செய்துகொண்டிருந்தது என்று நினைக்கிறேன். பசித்த குழந்தைகள் வந்தபோது கதவைச் சாத்தியவள் அவள். கேட்டவர்கள் நல்லதங்காளுக்காக அழுதார்கள், அலங்காரியாகிவிடுவோமோ என்று பயந்தார்கள். மறுநாள் வாசலில் யாராவது சொந்தக்காரர் பிள்ளைகளோடு வந்து நின்றால் அந்தப் பயம் கதவைத் திறந்திருக்கும். எப்போதும் அல்ல. சில வீடுகளிலாவது.

கதை நம்மை வளர்க்கிற வழி இதுவாகவே இருக்கலாம். நான் எந்த வீரன் என்று தேடுகிறவனுக்குக் கதை கொடுப்பது முகஸ்துதி. கதையின் ஓரத்தில் நிற்கிற, பெயர்கூட இல்லாத, ஒரு வார்த்தையால் அல்லது ஒரு மௌனத்தால் விளைவை மாற்றிவிடுகிற ஆளாக நான் இருக்கக்கூடும் என்று எண்ணுகிறவனுக்குத்தான் அது எதையாவது கற்றுத்தருகிறது. நம் வாழ்க்கையின் பெரும்பகுதி பிறர் கதைகளின் ஓரத்தில்தான் கழிகிறது. மையத்தில் நிற்கும் நாட்கள் எத்தனை?

6

என் தொழிலுக்குச் சிலப்பதிகாரத்தில் இடம் உண்டா என்று பார்த்தால், கோவலனின் இடம் எனக்கு இல்லை. நகையை விற்க வந்தவனுக்கு எதிரே இருந்தவர்களின் வரிசையில்தான் என் நாற்காலி போடப்பட்டிருக்கிறது. நகைக்கடன் இந்த ஊர் வங்கிகளின் அன்றாடம். பொழுது விடியுமுன் ஜீப்புகளில் நெருக்கி ஏறி, போடிமெட்டு வளைவுகளைக் கடந்து அந்தப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிற பெண்கள், வேலையில்லாத நாளில் கர்ச்சீப்பில் முடிந்த நகையோடு வருகிறார்கள். மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்துப் பார்க்கிறார். மொத்த எடை, நிகர எடை என்று இரண்டு எழுதுகிறோம். கல்லின் எடையைக் கழித்துவிடுவோம். எந்த மாணிக்கத்தால் ஒரு வழக்கின் உண்மை வெளிப்பட்டதோ அது எங்கள் படிவத்தில் கழிவு. வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் குறைந்த ஆபத்து, நடுத்தர ஆபத்து, அதிக ஆபத்து என்று ஒரு வகை உண்டு. அந்த வகைப்பாடு அவசியமானது, விதிப்படியானது. களவு நூலும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

ஒரு நாள் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி நாலு பவுன் சங்கிலியோடு வந்தார். புது நகை, அவர் கழுத்துக்கு உரியதாகத் தோன்றவில்லை. கண்ணாடிக்கு வெளியே படியோரத்தில் ஓர் இளம்பெண் தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தாள். மாமியார், மருமகள், அடகு. இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்ட பார்வையிலேயே அது முழுதாக எழுதப்பட்டுவிட்டது. என் பக்கத்து இருக்கைக்காரர், “நகை யாரோடது, ஆத்தா?” என்று கேட்டார்.

“இந்தா வெளிய நிக்கிறாள்ல, எம் மருமக, அவளோடது. கூட்டமா இருக்குன்னு உள்ள வரக் கூச்சப்படுதா. நர்ஸு படிப்புக்குக் கட்டணும் தம்பி. மகன் வேணாங்குறான். நான் காய்க்குப் போய் மீட்டுக் குடுத்துருவேன்னு சொல்லிருக்கேன்.”

நகைக்குரியவள் பெயரில்தான் கடன் தர முடியும் என்பதால் அந்தப் பெண்ணை உள்ளே கூப்பிட்டார்கள். அவளும் அதையே சொன்னாள். அன்று கேள்வி ஒரு நல்ல பதிலைக் கொண்டுவந்தது. அடுத்த நாள் அதே கேள்வி, எல்லோரும் ஊகித்த அந்தப் பழைய பதிலையே கொண்டுவரலாம். மாமியார் படிமம் காற்றிலிருந்து வந்ததல்ல. கேட்பதன் நியாயம் பதில் நல்லதாக வருவதில் இல்லை. கேட்கும்வரை எதிரில் ஒரு படிமம் இருந்தது, கேட்டபின் ஓர் ஆள் இருந்தார் என்பதில் இருக்கிறது.

போடியில் ஏலக்காயைச் சல்லடையில் போட்டுத் தரம் பிரிக்கிறார்கள். எட்டு மில்லிக்கு மேல் ஒரு தரம், ஏழிலிருந்து எட்டு வரை ஒரு தரம், அதற்குக் கீழே வேறு. இன்று ஏலம் கணினித் திரையில் நடக்கிறது, அங்கும் பருமனுக்கும் நிறத்துக்கும்தான் முதல் விலை. சல்லடை இல்லாமல் வியாபாரம் இல்லை. ஆனால் சல்லடைக்கு வாசனை தெரியாது என்பது தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆகையால் விலை கேட்பவன் காயை உரித்து நசுக்கி மூக்கருகே கொண்டுபோகிறான். தொல்படிமங்களைப் பற்றிய விமர்சனமும் இவ்வளவுதான். ப்ராப்பும் ஃப்ரையும் நமக்குத் தந்தது நல்ல சல்லடை. அதை மனிதர்கள் மேல் வைத்து ஆட்டும்போதும், தன்மேலேயே வைத்து ஆட்டிக்கொள்ளும்போதும்தான் தொல்லை. இந்தச் செடியைப் பற்றி இன்னொன்றும் சொல்லலாம். ஏலக்காய் உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து புறப்பட்டுத் தரையோரம் படரும் சரத்தில் காய்க்கிறது, ஒரே நாளில் முற்றுவதும் இல்லை. முற்றியதை மட்டும் எடுத்துவிட்டு, பல வாரம் கழித்து அடுத்த சுற்றுக்கு அதே தூருக்குக் குனிய வேண்டும். வளர்ச்சிக்கு மலையேற்றம் ஒன்றே உவமை என்று நினைப்பவர்கள் இந்த வேலையைப் பார்த்ததில்லை.

மலையேறியவளைப் பற்றிச் சொல்லி முடிக்க வேண்டும். குன்றக்குரவையின் தொடக்கத்தில், வேங்கை நிழலில் ஒரு முலை இழந்து நடுங்கி நிற்கும் பெண்ணைக் குறவர்கள் காண்கிறார்கள். மதுரைக் காவலர்களுக்கு வாய்த்ததைப் போன்ற கணம் இது. எதிரில் முன்பின் தெரியாத ஓர் ஆள், அச்சமூட்டும் தோற்றம். பேய், அணங்கு, பைத்தியம் என்று எந்தப் படிமத்தையும் அவர்கள் எடுத்து ஒட்டியிருக்கலாம். மலைநாட்டில் அவற்றுக்குக் குறைவில்லை. அவர்கள் செய்தது எளிய காரியம். நீங்கள் யார் என்று கேட்டார்கள். மதுரையில் தன் பெயரைச் சொல்ல வாயிற்காவலனை அனுப்பிக் காத்திருக்க வேண்டியிருந்தவள், இங்கே கேட்டவுடன், கோபமில்லாமல், தன் கதையை இரண்டு வாக்கியத்தில் சொல்கிறாள். அதைக் கேட்ட பிறகுதான் அவர்களுக்குப் பயம் வருகிறது, வணக்கம் வருகிறது. அவளைத் தெய்வமென்று தம் மக்களுக்கு அறிவிப்பதும் அதன் பின்புதான். அங்கே படிமம் கேள்விக்குப் பிறகு பிறந்தது. மதுரையில் அது கேள்வியின் இடத்தில் உட்கார்ந்திருந்தது.

ஆளுமை வளர்ச்சி என்று பேசுகிறவர்கள் எல்லோரும் நான் யார் என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறார்கள். காப்பியத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டுக்கொள்வதாக எனக்கு நினைவில்லை. அங்கே கேட்கப்பட்டதும், கேட்கப்படாமல் போனதும், எதிரில் நிற்பவரைப் பார்த்து நீங்கள் யார் என்ற கேள்விதான்.